பத்துப் பேர் முன்னால்

செப்டம்பர் 11, ஞாயிறு

இன்று ஆலயத்தில் லிபின் சாட்சி சொன்னான். கண்ணை மூடி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் தன் பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டார், குடியிலிருந்து விடுவித்துவிட்டார் என்றான். சபை முழுக்க அல்லேலூயா. எனக்குப் பக்கத்தில் இருந்த ரோஸ்லெட் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் சொன்னான்: "என் வாழ்க்கையில் ஒரு விபத்து நடந்தது. அதிலிருந்தும் தேவன் என்னைக் காப்பாற்றினார்."

அந்த விபத்து என் மகள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், டியூஷன் சென்டரில் பாடம் நடத்திவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள்மேல் குடித்துவிட்டுக் காரை ஏற்றினான். கோர்ட்டில், ஸ்கூட்டரில் லைட் எரியவில்லை, இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னான். பார்த்தவர் யாரும் இல்லை. சந்தேகத்தின் பலன் அவனுக்குப் போனது. தப்பு அவளுடையது என்று ஆனது.

லைட் எரிந்தது. முந்தின நாள்தான் முருகேசன் ஒர்க்ஷாப்பில் புது பல்பு போட்டோம். நான் பக்கத்தில் நின்று, எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுவதைப் பார்த்தேன். முருகேசன் கோர்ட்டுக்கு வந்து சொன்னான். பல்பு போட்டது நேற்று, விபத்து இன்று என்று வக்கீல் அவனை உட்காரவைத்துவிட்டார்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை லிபினுக்கு அறிவியல் எடுத்தவள் நான். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

காணிக்கைப் பாட்டுக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை. மீன்குழம்பை அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தேன்.

செப்டம்பர் 13, செவ்வாய்

ஜமீலா வந்தாள். சரித்திர டீச்சர். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் நரைத்தோம். அச்சப்பமும் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகமும் கொண்டுவந்திருந்தாள். திருவனந்தபுரத்தில் நடைபாதைக் கடையில் வாங்கினதாம். ரெப் ஃபைவல் என்ற யூத ஞானியின் உபதேசங்கள். 'ரெப்' என்றால் அவர்கள் பேச்சில் ஐயா மாதிரி. போலந்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்தவராம்.

"இந்த ஆளும் உன்னைப்போல கோவக்காரன் வயலட்டு. அதான் வாங்கினேன்."

"யூதனா?"

"ஆமா. யூதன் புக்கை முஸ்லிம் ஒருத்தி கிறிஸ்தவச்சிக்குக் கொடுக்கேன். மூணு பேரையும் ஒரே பெஞ்சுல இருத்தினா என்ன ஆகும்?"

"அடிச்சுக்கிடுவாங்க."

"அதுக்குத்தான் நீ டீச்சர்" என்றாள்.

அச்சப்பம் நன்றாக இருந்தது. புத்தகத்தை டிவி மேல் வைத்தேன்.

செப்டம்பர் 16, வெள்ளி

கரண்ட் இல்லை. வேறு வழியில்லாமல் புத்தகத்தை எடுத்தேன்.

ஒரு வியாபாரி ரெப் ஃபைவலிடம் வருகிறான். பக்கத்துக் கடைக்காரனை ஏமாற்றிவிட்டேன், நாள் முழுக்க உபவாசம் இருந்து அழுது ஜெபித்தேன், கடவுள் மன்னித்திருப்பாரா என்று கேட்கிறான். ரெப் ஃபைவல் சொல்கிறார்: கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார். கடைக்காரனுக்குச் செய்ததைக் கடைக்காரன்தான் மன்னிக்க வேண்டும். அந்த மன்னிப்பைப் பூட்டிய பெட்டியின் சாவி கடவுளிடமே கிடையாது. நீ பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாய், மகனே, பக்கத்து வீட்டுக்குப் போ.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் வகுப்பில் தினமும் பார்த்திருக்கிறேன். ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனின் காம்பஸை வளைத்துவிடுவான். நேராக ஹெட்மாஸ்டர் ரூமுக்கு ஓடி, "சார், தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்க சார்" என்று அழுவான். அவரும் நல்ல மனுஷன், தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். இவன் சிரித்துக்கொண்டே வகுப்புக்கு வருவான். வளைந்த காம்பஸை வைத்துக்கொண்டு மற்றவன் வட்டம் போட முடியாமல் உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சபையில் முந்நூறு பேரும் ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் நின்று கைதட்டியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 20, செவ்வாய்

ரெப் ஃபைவல் தன் சீடர்களுக்குச் சொன்னதாம்: கோபம் வந்தால் மனப்பாடம் செய்த ஜெபத்தைச் சொல்லாதே. வெட்டவெளிக்குப் போ. உன் அம்மா உன்னைத் திட்டிய மொழியில், சத்தமாக, கடவுளிடம் நேரடியாகப் பேசு. கோபத்துக்குள் ஒரு பொறி இருக்கிறது. ஊதி அணைத்துவிட்டால் அது எதற்காக எரிந்தது என்று தெரியாமலே போய்விடும்.

எனக்கு வெட்டவெளிக்கு எங்கே போவது? மாடிக்குப் போனேன், துணி காயப்போட. பக்கெட்டை வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "நீரு பாத்துக்கிட்டுதானே இருந்தீரு? லைட் எரிஞ்சுதா இல்லியா, சொல்லும். உமக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியல்ல. உமக்கென்ன, மன்னிச்சாச்சுன்னு கையைத் தட்டிக்கிட்டுப் போயிட்டீரு" என்று போர்வையை உதறி உதறிச் சொன்னேன்.

அடுத்த மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த மரகதம் கேட்டாள்: "யாருகிட்ட டீச்சர் இந்தப் போடு போடுதீய? ஈபி ஆபீஸா?"

"மேலிடம்" என்றேன்.

"நல்லாக் கேளுங்க. எங்க வீட்டுலயும் வோல்டேஜ் இல்ல."

செப்டம்பர் 24, சனி

போதகர் வந்தார். லிபினைக் கூட்டிக்கொண்டு, ஒரு பிளம் கேக்கும் வாங்கிக்கொண்டு. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்க நினைத்தேன்.

போதகர் பேசினார். அடுத்த மாதம் சபை நாள் வருகிறது, அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் லிபினுக்கு நான் கைகொடுக்க வேண்டும், அது பெரிய சாட்சியாக இருக்கும் என்றார். லிபின் என் கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டியாலே?" என்று கேட்டேன்.

"ஆண்டவர் என்னை மன்னிச்சுட்டாரு டீச்சர். நீங்களும்…"

"அவரு எதை மன்னிச்சாரு?"

"அந்த விபத்தை."

"ஸ்கூட்டர்ல லைட் எரிஞ்சுதா?"

அவன் போதகரைப் பார்த்தான். போதகர் கேக்கைப் பார்த்தார். "முடிஞ்சுபோன கேஸ் டீச்சர், பழசைக் கிளற வேண்டாம்" என்றார், மிகவும் மெதுவாக. அவர் நல்லவர். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது.

"ஐயா, நான் கைகொடுத்தா அவளுக்கு லைட் இல்லன்னு ஆயிரும்" என்றேன். காப்பி போட்டுக் கொடுக்கத்தான் செய்தேன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. கேக்கை எறும்பு எடுத்துக்கொண்டது. எடுக்கட்டும்.

அக்டோபர் 2, ஞாயிறு

மறுபடியும் வந்தான். இந்தத் தடவை மனைவி ஷீபாவும் சின்னப் பிள்ளையும். பிள்ளையை ஒரு தட்டி மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறான். எனக்குப் புரியாதா? வீட்டுப்பாடம் செய்யாதவன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருவான், அதைப்போலத்தான்.

"என்னை மன்னிக்கணும் டீச்சர்" என்றான். போன தடவையைவிடப் பரவாயில்லை, ஆண்டவரை இழுக்கவில்லை.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா ஒண்ணுக்கும் இல்லன்னு அர்த்தம். பரீட்சையில 'எல்லாம் தெரியும்'னு எழுதினா மார்க் போடுவாங்களா?"

ஷீபாவுக்கு அழுகை வந்தது. பிள்ளைக்கு நான்கு வயது இருக்கும். என் முழங்காலைத் தட்டி, "பாட்டி, அந்தப் படத்துல யாரு?" என்று சுவரைக் காட்டிக் கேட்டது. நான் பிஸ்கட் டின்னை எடுக்க உள்ளே போய்விட்டேன். திரும்பி வரும்போது லிபின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். முதுகு படத்தைப் பார்த்து இருந்தது.

அக்டோபர் 4, செவ்வாய்

ரெப் ஃபைவல்மேல் பயங்கரக் கோபம்.

இன்று படித்தது: தப்புச் செய்தவன் மூன்று தடவை உண்மையான மனதோடு வந்து கேட்டும் மன்னிக்காதவன் கல்மனதுக்காரன், அதற்குப் பிறகு பாவம் அவன் தோளுக்கு மாறிவிடும். இவ்வளவு நாள் என் பக்கம் பேசிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று எதிர்க்கட்சி வக்கீலாகிவிட்டார். லிபின் இரண்டு தடவை வந்தாயிற்று. மூன்றாவது தடவை வந்தால் பாவம் எனக்கா? பிள்ளையையும் இழந்துவிட்டுப் பாவத்தையும் நான் சுமக்க வேண்டுமா?

ஜமீலாவுக்கு ஃபோன் போட்டு, "உன் ஆளு என்னைக் கவுத்துட்டாரு" என்றேன்.

"உண்மையான மனசோடன்னு போட்டிருக்குல்லா?"

"அவன் உண்மையைச் சொல்லவே இல்ல. ரெண்டு தடவை வந்தான், அவ பேரையாவது சொன்னானா? விபத்து, விபத்து, விபத்து. அவளுக்கு ஒரு பேரு இல்லியா?"

ஜமீலா, "நீ சொல்லுதியா வயலட்டு?" என்று கேட்டாள். "மூணு வருசமா 'அவ', 'மகள்', 'பிள்ளை'. ஒருநாளாவது உன் வாயில அந்தப் பேரைக் கேட்டிருக்கேனா?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தேங்காய் துருவினேன். இரண்டு தேங்காய். எதற்கென்று தெரியவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

மழை. புத்தகத்தை வெளியே எறியப் போனேன். எறிவதற்கு முன் கடைசி அத்தியாயத்தைப் பார்க்கலாம் என்று பிரித்தேன்.

ஒரு பெண் ரெப் ஃபைவலிடம் வருகிறாள். என் தம்பியின் சாவுக்குக் காரணமானவன் மூன்று தடவை வந்துவிட்டான், நான் மன்னிக்கவில்லை, நான் பாவியா என்று கேட்கிறாள். அவர் எழுந்து நிற்கிறார். உன்னிடம் எப்படி மன்னிப்பு கேட்டான், அவன் தப்புச் செய்தது உன் தம்பிக்கு அல்லவா என்கிறார். அந்தச் சாவி கடவுளிடமும் இல்லை, உன்னிடமும் இல்லை. பிறகு அவர்களுடைய பழைய முறையைச் சொல்கிறார். இறந்தவனுக்குத் தப்புச் செய்தவன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவன் கல்லறைக்குப் போக வேண்டும். பத்துப் பேர் காதில் விழும்படி, இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். தனியாகப் போனால் போதாது. இறந்தவனால் கேட்டு ஊருக்குச் சொல்ல முடியாது. அதனால் பத்துப் பேரின் காதுகளைக் கடன் கொடுக்க வேண்டும்.

நெடுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் அப்புறம் என்ன செய்தாள் என்று புத்தகத்தில் இல்லை.

அக்டோபர் 13, வியாழன்

மூன்றாவது தடவை. தனியாக வந்தான். குடை இல்லை. உள்ளே வா என்றால் வரவில்லை, தரை நனைந்துவிடும் என்று படியிலேயே நின்றான். எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான், மழையில் நனைந்து வந்தால் பெஞ்சில் உட்காராமல் நிற்பான். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

"என்னால உறங்க முடியல்ல டீச்சர். சாட்சி சொன்ன பிறகுதான் ரொம்ப மோசம். எல்லாரும் கையைக் குலுக்குதாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"என் கையில இல்லலே அது."

"இனி எங்க போவேன்?"

"அவகிட்டப் போ. பத்துப் பேரைக் கூட்டிட்டுக் கல்லறைக்குப் போய், என்ன செஞ்சேன்னு அவ பேரைச் சொல்லிச் சத்தமாச் சொல்லு. லைட்டைப் பத்தியும்."

அவன் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். பிறகு, "பத்துப் பேரு முன்னால சொன்னா கேஸ் திரும்ப வரும் டீச்சர். பொய் சொன்னதுக்கும் சேர்த்து" என்றான். "பிள்ளை சின்னது."

"என் பிள்ளையும் எனக்குச் சின்னதுதான்."

துண்டை மடித்துப் படியில் வைத்துவிட்டுப் போனான். இவ்வளவு கொடுமையாக நான் யாரிடமும் பேசினதில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

அக்டோபர் 15, சனி

போதகர் ஃபோன்.

"டீச்சர், லிபின் என்னென்னமோ சொல்லுதான். கல்லறையில் பாவ அறிக்கை நம்ம முறையில் இல்லையே. இது யூதப் பழக்கம்லா?"

"நம்ம ஆண்டவரு எந்த ஊர்க்காரரு ஐயா?"

இருமினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அக்டோபர் 18, செவ்வாய்

லிபின் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறானாம். ரோஸ்லெட் சொன்னாள். கூப்பிட்டவர்களில் பாதிப் பேர், எதற்கு வம்பு, நாளைக்குப் போலீஸ் வந்து எங்களையும் கேட்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்களாம். "நீ போறியா?" என்று கேட்டேன். மூட்டுவலி என்றாள். அல்லேலூயா சொல்லும்போது எழுந்துதான் நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்திருக்கிறானாம். நான் போக மாட்டேன். அது அவனுக்கும் அவளுக்கும் இடையில் உள்ளது.

அக்டோபர் 20, வியாழன்

கல்லறையில் புல் முளைத்துக் கிடந்தது. பிடுங்கிவிட்டு வந்தேன். கல்லில் எழுத்து மங்கியிருந்தது, தேங்காய்நார் வைத்துத் தேய்த்தேன். சும்மாதான். மழைக்குப் பிறகு செய்ய வேண்டிய வேலை.

அக்டோபர் 22, சனி

போனேன். உள்ளே போகவில்லை, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். ஜமீலா உள்ளே இருந்தாள். எனக்குச் சொல்லாமலே வந்திருக்கிறாள், கள்ளி. முருகேசன் ஒர்க்ஷாப் எண்ணெய்க் கையோடு வந்திருந்தான். ஷீபா வந்திருந்தாள், அவள் அப்பா அம்மாவோடு. குழி வெட்டும் தங்கையன். டியூஷன் சென்டரில் அவளோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள். கடைசியில் போதகர் பைக்கில் வந்து இறங்கினார். அங்கி போடவில்லை, சாதாரணச் சட்டை. சாட்சிக்குக் கைதட்டியது முந்நூறு பேர், இதற்கு வந்தது இவ்வளவுதான்.

ஜமீலா எண்ணுவது கேட்டது. எக்ஸ்கர்ஷனில் பிள்ளைகளை எண்ணுவதுபோல விரலை நீட்டி நீட்டி எண்ணினாள். "ஒம்பதுதான் இருக்கு."

"லிபினைச் சேர்த்தாப் பத்து" என்றார் போதகர்.

"செஞ்சவனை எண்ண முடியாது ஐயா. கேக்குத ஆளுதான் கணக்கு."

"ஒண்ணு குறைஞ்சா என்ன, கடவுள் இருக்காருல்லா?"

"அவருக்கு ஏற்கெனவே தெரியும்" என்றாள் ஜமீலா. "ஊருக்குப் போய்ச் சொல்லுத ஆளு வேணும்."

லிபின் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். சாலையில் போகிற யாரையாவது கூப்பிடலாமா என்று கேட்டான். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. ரோட்டில் பட்டாசு வாங்கப் போகிறவர்கள்தான் இருந்தார்கள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்தேன். ஆள் சேரவில்லை, இன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்கிற நிம்மதி. டெஸ்ட் அன்றைக்கு டீச்சர் லீவு என்று தெரிந்தால் பிள்ளைகள் முகத்தில் வருமே, அதேதான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "பத்து" என்றேன்.

அவன் கல்லுக்கு முன்னால் வந்து நின்றான். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுலே. கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

"எப்சிபா" என்றான்.

நான் ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்சிபா, நான் லிபின். அன்னைக்கு நான் குடிச்சிருந்தேன். வளைவுல வேகமா வந்தேன். உன் வண்டியில லைட் எரிஞ்சுது. நான் பாத்தேன். பாத்தும் பிரேக் போட முடியல்ல. லைட் இல்லன்னு கோர்ட்டுல சொன்னது பொய். எனக்கு வக்கீல் சொல்லித்தரல்ல, நானாத்தான் சொன்னேன். தப்பு உன்மேல இல்ல. என்மேலதான்."

முருகேசன் திரும்பிக்கொண்டு அழுதான். போதகர் ஜெபிக்க வாயைத் திறந்தார். ஜமீலா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

லிபின் என்னைப் பார்த்தான். நான் மன்னிப்பேன் என்று நினைத்திருப்பான். எனக்கு அந்தச் சாவி இல்லை. "சரி" என்றேன். "நல்லாக் கேட்டுது."

அக்டோபர் 23, ஞாயிறு

காலையில் போதகர் ஃபோன் பண்ணினார். லிபின் திங்கட்கிழமை தீபாவளி கழிந்ததும் வக்கீலைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிறானாம். என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை. சபை நாளில் கைகொடுப்பதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கோபம் போய்விட்டதா என்று ஜமீலா கேட்டாள். இல்லை என்றேன். ஆனால் இத்தனை நாள் ஊர் முழுக்கப் பரவியிருந்த கோபம் இப்போது ஓர் ஆளுக்கு, ஒரு காரியத்துக்கு, அதன் அளவுக்கு இருக்கிறது. லென்ஸில் வெயிலைக் குவித்தால் காகிதத்தில் ஒரு புள்ளிதான் சுடும். அப்படி.

எப்சிபா என்பது எபிரேயப் பெயர். 'என் பிரியம் அவளிடம்' என்று அர்த்தம். உன் அப்பா வேதாகமத்தில் தேடிப் பிடித்து வைத்தார். ரெப் ஃபைவல் இருந்திருந்தால் எங்களைவிட நன்றாக உச்சரித்திருப்பார்.

மாடிக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மரகதம் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன்.

எப்சிபா, உன் வண்டியில் லைட் எரிந்தது. பத்துப் பேருக்குத் தெரியும்.